பல்லுக்காரர் வீட்டுச் செவ்வந்தி

பக்கத்து வீட்டுப் பல்லுக்காரரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். அப்போதுதான் பின்னால் அவரைப் பற்றி ஏதாவது நல்லதாக எழுதினால், வேறு வழியில்லாமல்தான் எழுதினேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர் நோயாளி வாயில் அளவெடுத்து அச்சை அனுப்புவார், இவர் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்து கொடுப்பார். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, மாமா ஒருவரின் பல் பட்டறையில் அச்சு வார்க்கிற மாவு குழைக்கப் போனவர். முப்பத்தைந்து வருஷமாக அதே வேலை. மெழுகில் பல்லைப் பதித்து, ஈறு செதுக்கி, தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்புகிறார். தெருவில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் இவர் நின்று பார்ப்பார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால், அது நம்ம பல்லு என்பார். ஊரில் பாதிப் பேர் இவர் பல்லால்தான் சாப்பிடுகிறார்கள் போலிருக்கிறது.

மாவுத் தூசி நெஞ்சில் சேர்ந்து இருமல் வந்ததும், தினமும் கொஞ்ச நேரம் வெளியே காற்றில் உட்காரச் சொன்னாராம் டாக்டர். சும்மா உட்கார இவருக்கு முடியவில்லை. வாசலில் இருந்த பத்தடிக்கு நாலடி மண்ணைக் கொத்தினார். செவ்வந்தி வைத்தார். மஞ்சள், வெள்ளை, அரக்கு. ஒவ்வொன்றும் சாஸர் அளவு.

எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் அதே அளவு மண் உண்டு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நெஞ்சு உயரத்துக்குக் கம்பி வலை. என் பங்கு மண்ணில் பழைய மோட்டார் கூடுகள் கிடந்தன. எனக்குத் தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை உருவிப் புதுக் கம்பி சுற்றி, நாடா கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பேன். பூவுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இருந்ததில்லை.

சம்பந்தத்தை உண்டாக்கியவள் என் மனைவி. அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. காலை ஏழரைக்குக் கிளம்புவாள். கிளம்புகிறவள் நேராக பஸ் ஸ்டாப்புக்குப் போக மாட்டாள். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வலை ஓரத்தில் போய் நிற்பாள். அந்தப் பக்கம் பல்லுக்காரர் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இருவரும் பேசுவார்கள். பத்து நிமிஷம். நான் ஜன்னலில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டே பார்ப்பேன். பேச்சு காதில் விழாது. அவள் தலையாட்டுவதும், குனிந்து பார்ப்பதும், சிரிப்பதும் மட்டும் தெரியும். அந்த நாட்களில் என் முகத்தில் வெட்டுக்காயம் இல்லாத காலையே கிடையாது.

அப்படி என்னதான் பேச இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். பகல் முழுக்க வெள்ளைத் துணியாகவே பார்க்கிறேன், போகிறபோது கண்ணுக்கு நாலு நிறம் பார்த்துவிட்டுப் போனால் என்ன என்றாள். நியாயம்தான். நியாயமாக இருந்ததால் எனக்கு இன்னும் வயிறு எரிந்தது.

அதோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். அவர் பூவை வெட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். அவர் வீட்டம்மாவுக்குப் பூ ஆகாது. ஒரு பூ உள்ளே வந்தால் முப்பது தும்மல். இவர் செடி வைத்த பதினோரு வருஷத்தில் அந்த அம்மா அந்த மண்ணுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அதனால் வெட்டுகிற பூவெல்லாம் என் வீட்டுக்கு வந்தது. விடியற்காலையில் வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, காம்பைக் கழுத்துவரை வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்திருந்து கொடுப்பார். தினமும் தண்ணீர் மாற்றினால் பன்னிரண்டு நாள் நிற்கும். நின்றது. என் மேஜை, என் கண்ணாடி டம்ளர், அதில் அவர் பூ. நான் அதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

தங்கச்சி, தங்கச்சி என்றுதான் அவளைக் கூப்பிடுவார். கூப்பிடட்டும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். காலையில் அவள் நின்று பார்க்கிற பூ நான் வளர்த்த பூவாக இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் நான் செய்த எதையும் அவள் அப்படிக் குனிந்து பார்த்ததில்லை. சுற்றி முடித்த மோட்டாரை யார் குனிந்து பார்ப்பார்கள்?

மோட்டார் கூடுகளைத் தூக்கிப் போட்டேன். மண்ணைக் கொத்தினேன். பல்லுக்காரர் வலைக்கு மேலே ஒரு கட்டுக் கன்றை நீட்டினார். வாங்கவில்லை. மூன்று பஸ் மாறிப்போய் நாற்றங்காலில் காசு கொடுத்து வாங்கி வந்தேன். அவர் நட்ட அதே வாரம் நானும் நட்டேன்.

என் பக்கத்தில் ஒரு குறை. மூன்று மணிக்கே மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்துவிடும். அவர் பக்கம் சாயங்காலம் வரை வெயில். வெயில் குறைந்தால் என்ன, வெளிச்சம் கொடுக்க எனக்கா தெரியாது? வாசலுக்கு மேலே ஒரு பெரிய எல்.இ.டி. விளக்கை மாட்டி, பாத்தியைப் பார்த்துச் சாய்த்தேன். இருட்டினதும் தானே எரியும், விடிந்ததும் தானே அணையும். தெருவே நின்று பார்த்தது.

செடிகள் வளர்ந்தன. சும்மா இல்லை, இடுப்புக்கு வந்தன. காயில் கட்டும் நாடாவால் குச்சியில் சேர்த்துக் கட்டினேன். பல்லுக்காரர் செடிகள் முழங்காலோடு நின்றுவிட்டன. ஒரு மாதம் நான் ராஜா மாதிரி நடந்தேன்.

பிறகு அவர் செடிகளில் மொட்டு வந்தது. என் செடிகளில் இலை வந்தது. அவருடையதில் மொட்டு பருத்தது. என்னுடையதில் இன்னும் இலை. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். எங்கள் விஷயத்தில் இக்கரைதான் பச்சை, பச்சையைத் தவிர வேறொன்றும் இல்லை.

மனைவி ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, ராத்திரி அந்த விளக்கை அணைத்தால் பூக்குமாம் என்றாள்.

"யாரு சொன்னா?"

"அவர்தான்."

அது போதும் எனக்கு. அன்றிலிருந்து விளக்கு அணையவே அணையாது என்று முடிவு செய்தேன். எரிகிற விளக்கைப் பார்த்து அந்த ஆளுக்கு எரிகிறது, வேறென்ன.

அடுத்த வாரம் வலை ஓரமாக இரண்டு குழாய்கள் முளைத்தன. கோணிகளைச் சேர்த்துத் தைத்து, ஆள் உயரத்துக்கு ஒரு திரை. பொழுது சாயும்போது தொங்கவிடுவார், காலையில் சுருட்டுவார். பூ விரிகிற நேரம் பார்த்துத் திரை. என் கண் பட்டுவிடுமாம். மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் சாயங்காலம், அவர் கோணியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது நேராகப் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"என் கண்ணு அவ்ளோ பொல்லாததா?"

அவர் கோணியைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு வலையின் கோடியில் இருந்த சின்னக் கதவைத் திறந்தார். "உள்ள வாங்க, மோட்டார்காரரே. திட்டுறதுன்னாலும் பாத்துட்டுத் திட்டுங்க."

போனேன். அத்தனை வருஷத்தில் அப்போதுதான் அவர் பாத்தியைக் கிட்டத்தில் பார்க்கிறேன். என் வலையை ஒட்டி இரண்டு வரிசை. அதில் பூ இல்லை, குண்டூசித் தலை மாதிரி மொட்டு இப்போதுதான் எட்டிப் பார்த்தது. மூன்றாவது வரிசையிலிருந்து எல்லாம் பாதி விரிந்து நின்றது. நடுவே ஒரு கோடு, நூல் பிடித்து அடித்தது போல. திரும்பி என் விளக்கைப் பார்த்தேன். அதன் கூட்டின் விளிம்பிலிருந்து இங்கே வரை கண்ணாலேயே ஒரு நூல் பிடித்தேன். என் வெளிச்சம் எங்கே முடிகிறதோ அங்கே அவர் பூ ஆரம்பிக்கிறது.

இந்தச் செடிக்கு இருட்டு நீளமாக வேண்டுமாம். பகல் குறைந்து ராத்திரி நீண்டால்தான் பூக்கிற காலம் வந்தது என்று அதற்குத் தெரியுமாம். ராத்திரி வெளிச்சம் பட்டால் இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்து இலையாகவே விட்டுக்கொண்டிருக்குமாம். எல்லாவற்றையும் அவர் ஈறு செதுக்குகிற நிதானத்தோடேயே சொன்னார். இரண்டு வரிசை போச்சே என்று ஒரு வார்த்தை இல்லை. அவர் ஒரு சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து விளக்கின் கம்பியைக் கழற்றினேன். மனைவியிடம் விளக்குப் போய்விட்டது என்றேன். பத்து நாள் கழித்து, இன்னுமா மாத்தலை என்று கேட்டாள். நல்ல விளக்குக் கடையில் இல்லை என்றேன். ஊருக்கெல்லாம் மின்சார வேலை பார்க்கிறவன் சொல்கிற பதிலா இது? அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது.

மூன்று வாரத்தில் மொட்டு வந்தது. ஒன்பதாவது வாரம் பூத்தது. பல்லுக்காரர் செடிகள் அதற்குள் ஓய்ந்துபோய், சாண் உயரத்துக்கு வெட்டப்பட்டு மொட்டையாக நின்றன. ஊரிலேயே என் வாசலில் மட்டும்தான் செவ்வந்தி. அன்றைக்குக் காலை அவள் பையோடு வெளியே வந்து, என் பாத்தி முன்னால் நின்றாள். குனிந்தாள். ஒரு பூவின் தாடையில் விரல் வைத்து நிமிர்த்திப் பார்த்தாள். ஜன்னலில் நான் சவரக் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

பிறகு அவள் உள்ளே பார்த்துச் சொன்னது, அவருக்கு நாலு கொடுத்துவிட்டு வரட்டுமா என்று. நானே கொடுக்கிறேன், நீ பஸ்ஸைப் பிடி என்றேன்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிறம் நன்றாக வந்திருக்கிறது, பக்க மொட்டுகளைக் கிள்ளியிருந்தால் இரண்டு மடங்கு பெரிதாக வந்திருக்கும் என்றார். உள்ளே அவர் வீட்டம்மா தும்மினார். பூவை உள்ளே கொண்டுபோக முடியாததால் பெயிண்ட் டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் படியில் வைத்தார். வைத்துக்கொண்டே, குனிந்தபடி கேட்டார்.

"தங்கச்சி நாளைக்குக் காலைல வருவாங்கல்ல?"

"இனிமே எதுக்கு? எங்க வீட்டுலயே பூத்துடுச்சே."

"அதுவும் சரிதான்," என்று சொல்லி அந்த டப்பாவை இந்தப் பக்கம் நகர்த்தினார். பிறகு பழைய இடத்துக்கே நகர்த்தினார்.

நான் ஜெயித்துவிட்டேன். மறுநாள் முக்காலி இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மனைவி என் பூக்களுக்கு முன்னால்தான் நின்றாள், நான் கேட்டது அப்படியே கிடைத்தது. நின்றவள் பூக்களுக்கு மேலாக வலையைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று கேட்டாள். ராத்திரி சாப்பிடும்போது மறுபடி கேட்டாள். இருமல் திரும்பி வந்திருக்குமோ என்றாள். அவர் இருந்தபோது என் காலையில் பத்து நிமிஷத்தைத்தான் எடுத்துக்கொண்டார். இல்லாமல் இருந்து என் வீடு முழுக்க உட்கார்ந்துகொண்டார். இப்படியும் ஒரு ஆள் மேல் பொறாமைப்பட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நான்காம் நாள் சாயங்காலம் அவர் பின்னறைக்குப் போனேன். மெழுகுக் கத்தியால் யாருக்கோ முன்பல் பதித்துக்கொண்டிருந்தார். உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

"நாளைக்குக் காலைல வெளிய வாங்க. பக்க மொட்டு எப்படிக் கிள்ளுறதுன்னு காட்டணும்."

"பூத்த செடில என்னத்தைக் கிள்ளுறது?"

"ஒரு செடி பிந்தி வருது. வாங்கன்னா வாங்க. அவளும் இருப்பா."

அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. சரி என்று மட்டும் சொன்னார்.

காலையில் வந்தார். வலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள், அவர்களுக்கு நடுவே செடியைப் பிடித்துக்கொண்டு நான். இத்தனை நாளும் இவர்கள் என்னதான் பேசிக்கொண்டார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து கேட்டேன். இலையின் அடியில் பேன் இருக்கிறதா என்று பார்ப்பது, ஆஸ்பத்திரியில் புது மெஷின் வந்தது, அவர் வீட்டம்மா நேற்று எத்தனை தும்மல். அவ்வளவுதான். இதற்கா நான் முகத்தை வெட்டிக்கொண்டேன்? வேறு ஏதாவது இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

எதைக் கிள்ள வேண்டும் என்று அவர் வலை வழியாக விரலை நீட்டிக் காட்டினார். வார்னிஷ் ஏறித் தடித்த என் விரலுக்கு அந்த மொட்டுகள் பாசிமணி மாதிரி. பிடித்து ஒன்றைக் கிள்ளினேன்.

"அது இல்ல, மோட்டார்காரரே," என்றார் பல்லுக்காரர் மெதுவாக. "அதுதான் பூ. அதுக்குப் பக்கத்துல இருந்ததைச் சொன்னேன்."

அவள் சிரித்தாள். பஸ் ஏறப் போகும்வரை சிரித்தாள். அவரைப் பார்த்துச் சிரித்தாளா, என்னைப் பார்த்துச் சிரித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.