தலை நிக்காத காற்றாலை

மகளின்ர ஸ்கூல் ப்ராஜெக்ட்: ஹொலண்டின்ர பழைய காற்றாலை. கார்ட்போர்டில நான்தான் செய்து குடுத்தனான்.

இண்டைக்குக் காலமை பஸ்ஸில கொண்டு போறம். மூண்டு தரம் ஒட்டியும், இறக்கையள் பூட்டின அதின்ர தலை நிக்கேல்லை, சுத்திச் சுத்தி ஆடுது. “எல்லாரும் சிரிக்கப் போயினம்” எண்டு மகள் அழத் தொடங்கீட்டாள். நான் பையில இருந்த பசையை எடுத்தன்.

பக்கத்தில இருந்த தமிழ் அக்கா ஒராள் தடுத்தா. “ஒட்டாதேங்கோ தம்பி! நாங்கள் ஹொலண்டில கனகாலம் இருந்தனாங்கள். உண்மையான காற்றாலையின்ர தலையும் சுத்தும். காத்து மாறினா, பின்னால இருக்கிற நீட்டுத் தடியைப் பிடிச்சு அந்தப் பக்கம் திருப்பிவிடுவினம்.”

மகள் கண்ணைத் துடைச்சாள். “அப்பா, உங்களுக்கு முதலே தெரியுமோ?”

“ஓம்” எண்டன். போன உயிர் திரும்பி வந்துது. அக்கா யன்னல் பக்கம் திரும்பிச் சிரிச்சா.

போன மாசம் நான் கிச்சின் சுவரில பூட்டின சாமான் தட்டும் ஆடுது. அதுக்கும் ஹொலண்டில ஒரு காரணம் இருந்தாச் சொல்லுங்கோ, என்ர மனிசி கேட்டுக்கொண்டு நிக்கிறா.