றஜிதா தேடிப் போன பழைய மரங்கள்

மன்னாரிலிருந்து இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோவுக்கு வந்து பத்தொன்பது வருடங்களாகியும் றஜிதா ஊர் சுற்றியது குறைவு. பக்கத்து ஊரான பகேரியாவில் நடந்த இரண்டு திருமணங்களோடு சரி. நகரின் கால்சாப் பகுதியில், சிஞ்ஞோரா என்று அவள் அழைக்கும் வயதான இத்தாலிய அம்மா ஒருவரைப் பராமரிப்பது அவள் வேலை. ஒரு மழைநாளில் இருவரும் தொலைக்காட்சியில் கலிபோர்னியாவின் ரெட்வூட் காடுகளைப் பார்த்தார்கள். முப்பது மாடி உயர மரங்கள். சிலவற்றுக்கு இரண்டாயிரம் வயது. அவற்றைப் பார்க்கவென்றே ஒரு குடும்பம் நாள்கணக்காகக் காரோட்டிப் போனது.

அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் எப்படி ஏறுகிறது? சிஞ்ஞோராவுக்குத் தெரியவில்லை. ஞாயிறு பூசை முடிந்து றஜிதா கேட்டபோது பங்குச் சுவாமியார் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

"அமெரிக்காவுக்கு எங்களாலை ஏலாது," என்றாள் றஜிதா, கணவன் கிறிகோரியிடம். "சிசிலியிலை பழைய மரம் எங்கை நிக்குது எண்டு பாருங்கோ."

கிறிகோரி உணவகமொன்றில் சமையற்காரன். கைபேசியில் தேடினான்.

"மதோனியே மலையிலை அக்ரிஃபோலியோ எண்ட மரம் நிக்குதாம். முந்நூறு வயசுக்கு மேலையாம்."

"நத்தாருக்குக் கதவிலை கொழுவுற முள்ளுச் செடியெல்லோ அது? மரமா வளருமோ?"

"எனக்கென்ன தெரியும்? திங்கள் எனக்கு லீவு. போய்ப் பாப்பம், வாரும்."

கடலோரமாக ஓடிய பழைய கார் மலை வளைவுகளில் சூடேறி இரண்டு தரம் நின்றது. இன்ஜின் ஆறும்வரை பாணும் சம்பலும் சாப்பிட்டார்கள். தார் வீதி முடிந்தபின் ஒரு மணிநேர நடை.

மரங்கள் வட்டமாக நெருங்கி நின்றன. குனிந்துதான் உள்ளே போகலாம். நண்பகலிலும் உள்ளே மங்கல். தாழ்ந்த கிளையின் இலை றஜிதாவின் கையைக் குத்தியது. நிலத்தில் கிடந்த இலைகள் சிலவற்றில் முள்ளே இல்லை.

அவ்வழியே வந்த வனக்காவலரிடம் முள்ளிலை ஒன்றையும் முள்ளில்லாத ஒன்றையும் நீட்டினாள்.

"இரண்டும் ஒரே மரம்தான். கீழே ஆடுமாடு கடிக்கும், முள் வேண்டும். மேலே யார் கடிக்கப் போகிறார்கள்?" என்றார் அவர் இத்தாலியனில்.

மர உச்சிக்குத் தண்ணீர் ஏறுவதைப் பற்றியும் கேட்டாள். இலைகளில் ஈரம் காயக்காய அது கீழேயிருந்து நீரை இழுக்கும் என்றார்.

"அப்ப வெயில் இல்லாத நேரம்?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அதை நான் கேட்டுத்தான் சொல்லவேண்டும்."

கிறிகோரிக்குச் சிரிப்பு வந்தது. பத்தொன்பது வருடத்தில் அவள் இவ்வளவு இத்தாலியன் கதைத்து அவன் கேட்டதில்லை.

காட்டில் முப்பது மரங்கள் மட்டுமே மிஞ்சியிருக்கும் ஊசியிலை மர இனமொன்று இதே மலையில் உண்டென்று காவலர் சொல்லியிருந்தார். அடுத்த மாதம் அதையும் பார்த்தார்கள். இப்போது திங்கட்கிழமைகளில் பங்குச் சனமும் மரம் பார்க்கச் சேர்ந்து வருகிறது. வாடகை வேனில் முன்னிருக்கை றஜிதாவுக்குத்தான்.