தட்டிப் பார்த்த ஓடுகள்

காதை நம்பிப் பிழைப்பவளுக்குக் காதே போய்விட்டால் என்ன மிஞ்சும்?

கடுகண்ணாவை ஊரின் ஓட்டுச் சூளையில் இருபது வருடமாகச் சிவபாக்கியம் கூரை ஓடுகளைத் தட்டித் தரம் பிரித்து வந்தாள். கணீரென்றால் நல்ல ஓடு. மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். இப்போது எல்லாம் அவளுக்கு மந்தம்தான். விரல் கணுவில் தெரிந்த அதிர்வை வைத்து ஒரு மாதம் ஒப்பேற்றினாள். இன்று விரிசல் ஓடொன்றை நல்ல அடுக்கில் வைத்துவிட்டாள்.

கூட வேலை செய்யும் சர்மிளா அவள் காதோரம் கத்தினாள். "அக்கா, இது வெடிச்ச ஓடு! இனி நான் தட்டுறேன், நீங்க அடுக்குங்க. மொதலாளிக்குக் கண்ணாடி போட்டாலும் ஒண்ணும் தெரியாது. வேல போனா, படுக்கையில கெடக்குற ஒங்க வீட்டுக்கார அண்ணனுக்கு மருந்து யாரு வாங்குறது?"

சிவபாக்கியம் தலையாட்டினாள். பிறகு அந்த ஓட்டைத் தூக்கிப்போய் முதலாளியின் மேசைமேல் வைத்தாள்.

"எனக்குக் காது கேக்கலங்க."

ஏன் சொன்னாள் என்பதைக் கணவனிடம்கூட அவள் சொல்லவில்லை.