அப்பா துபாயில் என்று சொல்லச் சொன்னவர்

கடையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது சூசைராஜ் சார் போய்விட்டார் என்று செல்லில் செய்தி வந்தது. நம் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு அழுதீர்கள். 'எங்கள் தந்தையே' என்று போஸ்டர் வேறு. என்னை அதில் சேர்க்காதீர்கள். பதினெட்டு வயது முடிந்து வெளியேறும் பிள்ளைகளை வேலைக்குத் தயார் செய்ய இல்லத்தார் சம்பளத்துக்கு வைத்திருந்த ஆள் அவர். எனக்கு அவர் தந்தை இல்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் முதலாளியாக நாற்காலியில் உட்காருவார். நாம் வரிசையாக 'இன்டர்வியூ'வுக்குப் போவோம். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்த ஊரு, யாரு வூட்டுப் புள்ள?" நம் பக்கத்தில் அதை எதற்குக் கேட்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும். பதிலையும் அவரே கொடுத்தார். ஆளுக்கொரு ஊர்; எனக்குக் கல்லங்குறிச்சி. "அப்பா துபாய்ல இருக்காருன்னு சொல்லு. கேக்க நாதியில்லன்னு தெரிஞ்சா சம்பளத்தையும் கொறைப்பான், கையையும் புடிச்சு இழுப்பான்" என்பார். அவர் பயந்தது நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் அதையே ஒப்பித்தேன். கல்லாவில் இருந்த முதலாளியம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அட, நம்ம ஊருப் பொண்ணா! பெருமாள் கோயில்லேர்ந்து எந்தப் பக்கம்டி உங்க வூடு?" நான் அந்த ஊரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. திருதிருவென்று விழித்தேன். "திருட்டு முழி முழிக்கிறா பாரு, வெளிய போடி" என்று விரட்டிவிட்டார்.

பையோடு இல்லத்துக்குத் திரும்பினால் என் கட்டிலில் வேறொரு பிள்ளை. சார் கேட்டிலேயே நின்று, "வயசு முடிஞ்சவங்க உள்ள தங்க ரூல் இல்லம்மா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னா புத்திங்க சார் உங்களுக்கு? ஊர்ல வூட்டுக்கு வூடு ஆளத் தெரியாமலா இருக்கும்? இப்ப நான் எங்க போய்ப் படுக்குறது?" என்று கத்தினேன். அவர் என்னைப் பஸ் ஏற்றி அதே கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். கூட்டம் நிறைந்த கடையில் கையெடுத்துக் கும்பிட்டு, "அநாதப் புள்ளங்க. நாந்தான் பொய் சொல்லச் சொன்னேன். ஒரு மூலையில போட்டு வச்சுக்குங்க" என்றார்.

வேலை கிடைத்தது. தங்க மாடியில் இடமும் கிடைத்தது. மானம்தான் போயிற்று. "அந்த அநாதப் புள்ளயக் கூப்புடு, டீ வாங்கியாரட்டும்" என்றுதான் பல வருஷம் என்னைக் கூப்பிட்டார்கள். "இல்லத்துல வளந்தேங்க, வேல தெரியும்" என்று நிமிர்ந்து நின்று என் வாயால் நானே சொல்ல அந்த மனிதர் ஒருநாளாவது பழக்கினாரா? பிறகு எங்கே பார்த்தாலும், "அதான் வேல இருக்குல்ல, இன்னும் என்னா கோவம்?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எரிச்சலாக வரும்.

இன்று அதே கடையில் நான் சூப்பர்வைசர். வேலை கேட்டு வரும் பெண்களிடம் ஊர் கேட்பதில்லை. ஒரு புடவையைக் கொடுத்து மடிக்கச் சொல்கிறேன். அவர்மேல் உள்ள கோபத்தில்தான் அப்படிச் செய்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியதும் அந்தக் கோபம்தான், அதை விடமாட்டேன். முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறேன், மெழுகுவர்த்தியும் ஏற்றுகிறேன். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள்.