ஒரு மணி நேரச் சத்தம்

எலப்புள்ளியில் எங்கள் வீட்டுக்கும் சுமதி வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். தினமும் காலையில் அவள் போனைப் பார்த்துக் கால் மணி நேரம் உடற்பயிற்சி செய்வாள். குதிக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். இரண்டே மாதத்தில் இளைத்துவிட்டாள். என் கணவரே, "சுமதி ஆளே மாறிப்போச்சு பாரு" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

அவளை மிஞ்சவேண்டும் என்றே ஒரு மணி நேரப் பயிற்சியைத் தேர்ந்தெடுத்தேன். பத்தே நிமிடத்தில் மூச்சு வாங்கியது. அது அவளுக்குத் தெரியக் கூடாதே! மீதி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, காப்பி குடித்தபடியே, காலால் தரையைத் தொம் தொம்மென்று மிதித்தேன். ஒரு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் சுமதி வந்தாள். "ஏனுங்க்கா, உங்க சத்தங் கேட்டுத்தான் நானும் ஒரு மணி நேரத்துக்கு மாறிட்டனுங்க. நாளைக்கு உங்ககூடவே செய்யட்டுங்களா?"

இத்தனை நாளும் என் சத்தத்தில் அவள் குதித்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

மறுநாள் பத்தாவது நிமிடத்தில் நாற்காலியில் விழுந்தேன். பழக்கதோஷத்தில் என் கால் தானாகத் தரையை மிதித்தது. சுமதி அந்தக் காலைப் பார்த்தாள். மீதி ஐம்பது நிமிடத்தையும் குதித்து முடித்தாள்.

இப்போது நான் செய்வது கால் மணி நேரப் பயிற்சிதான். அது முடிந்ததும் காலை அசைக்காமல் உட்கார்ந்து, சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குதிப்பதைக் கேட்கிறேன். வயிறு இன்னும் எரியத்தான் செய்கிறது.