கிளீனர் இல்லாத லோரி

சேதுபதி கயிற்றை லோரியின் மேலாக வீசினார். சுற்றிப் போய் மறுபக்கத்தில் அதைப் பிடித்து இழுத்துக் கொக்கியில் மாட்டினார். திரும்பி வந்து அடுத்த கயிற்றை எடுத்தார். முன்பு மறுபக்கம் நின்று இழுக்கக் கிளீனர் மருதமுத்து இருந்தான். இப்போது வீசுவதும் இழுப்பதும் சேதுபதியே. காஜா பெராங் பகுதியில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த லோரிக் கம்பெனி ஷெட்டில் இதை நான் தினமும் பார்த்தேன்.

சுதந்திரம் கிடைத்த மறு வருடம் அது. டிரைவர்களின் சங்கம் பேசிச் சம்பளத்தை உயர்த்தியது. கம்பெனி கையெழுத்துப் போட்டது. அடுத்த மாதமே கிளீனர்களை நிறுத்திவிட்டது. அவர்கள் தினக்கூலிகள், சங்கத்தில் இல்லாதவர்கள். யாரும் அவர்களைப் பற்றிக் கேட்கவில்லை.

சேதுபதி அங்கே மூத்த டிரைவர். மனைவி இறந்தபின் எங்கள் பின்னறையில் வாடகைக்கு இருந்தார். அவர் வாய்விட்டுப் பேசியது லோரிக்குள் மட்டும்தான். சிங்கப்பூர் போய்த் திரும்பும் வரை மருதமுத்துவோடு.

ஒரு ஞாயிறன்று குளிர்ஜுரத்தோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பழகியவள் நான். சிறுநீர் என்ன நிறம் என்று கேட்டேன்.

"கோப்பி மாதிரி போவுதுக்கா."

"தண்ணி குடிக்கிறதில்லையா?"

"வண்டியில போற நாள்ல இல்ல. குடிச்சா இறங்கணும். இறங்குனா சரக்க யாரு பார்க்கறது? மூவார் ஆத்தக் கடக்க ஃபெரிக்கு மணிக்கணக்கா நிக்கணும். போன மாசம் ஒரு டிரைவரு சும்மா அந்தப்பக்கம் ஒதுங்கிட்டு வந்தான், ரெண்டு பெட்டி காணோம்."

"மத்த டிரைவருங்க இருப்பாங்களே?"

"எனக்கு முன்னால கணேசமூர்த்தி வண்டி நிக்கும். அவனும் தனி ஆளு. அவன் கையை ஆட்டுவான், நானும் ஆட்டுவேன். அவ்வளவுதான். இப்ப அவனும் வேலைய விட்டுட்டான். அக்கா, நானும் விட்டுடலாம்னு பார்க்கறேன்."

கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். மருந்து கொடுத்தார்கள். படுக்க வைத்தேன்.

சாயங்காலம் சங்கச் செயலாளர் கலியாணசுந்தரம் வந்துவிட்டார். சேதுபதி வேலையை விடப் பார்க்கிறார் என்ற செய்தி எப்படியோ எட்டியிருந்தது.

"என்னாப்பா, சம்பளத்தோட தலைக்கனமும் ஏறிடுச்சா?"

"ஏறுனது ஜுரம்தான். தொட்டுப் பாருங்க."

"விளையாடாதே. பழைய ஆளுங்க ஒவ்வொருத்தரா போனா, சங்கத்துல சேராத ஆளுங்களத்தான் கம்பெனிக்காரன் எடுப்பான். அப்புறம் எதை வச்சு நாம பேசறது?"

சேதுபதி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"கிளீனர்களையும் சங்கத்துல சேருங்க. மருதமுத்து திரும்பி வரட்டும். நான் எங்கயும் போகல."

"அடுத்த ஒப்பந்தத்துல பார்ப்போம்."

"அது எப்ப?"

"மூணு வருஷம் ஆகும்லா."

சேதுபதி சிரித்தார். சிரித்தபோது இடுப்பு வலித்தது போலும், முகம் சுளித்தார். "போன கூட்டத்துல சம்பளத்துக்குக் கை தூக்குனவங்கள்ல நானும் ஒருத்தன். உங்கமேல கோபம் இல்ல. ஆனா மூணு வருஷம் வாயைத் திறக்காம என்னால வண்டி ஓட்ட முடியாது."

கலியாணசுந்தரம் கிளம்பிப் போனார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அந்த வருடத்துக்குள் மூத்த டிரைவர்கள் பாதிப்பேர் போய்விட்டார்கள். சம்பளம் ஏறியும் ஏன் போகிறார்கள் என்று ஊரில் ஆச்சரியப்பட்டார்கள்.

ஜுரம் விட்ட பிறகும் சேதுபதி ஒருநாள் பூராவும் யோசித்துக்கொண்டு கிடந்தார். மறுநாள் காலை சட்டை மாற்றிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். மேனேஜர் மேசையில் சாவியை வைத்தார். அங்கிருந்து தெங்கேராவுக்கு நடந்து போய் மருதமுத்து வீட்டில் விசாரித்தார். மீன் இறக்கும் வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். கடலோரத்தில் தேடிக் கண்டுபிடித்தார். மருதமுத்து நிமிர்ந்து பார்த்தான், வாங்கண்ணே என்று சொல்லவில்லை. சேதுபதி கால்சட்டையை மடித்துவிட்டு, அவன் தூக்கப்போன பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தார்.