பாய் வீட்டு பில்லியர்ட்ஸ் மேசை

லப்பைக்குடிக்காட்டில் அந்த வீட்டுக்கு நான் முதன்முதலில் போனது ஏசி மாட்ட. நான் பெரம்பலூரில் ஏசி மெக்கானிக். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் வீடு கட்டிக்கொண்டே இருக்கும் ஊர் அது. அதனால் வாரத்தில் ஒரு நாளாவது அங்கே எனக்கு வேலை இருக்கும். படுக்கையறை என்று நினைத்து ஏணியோடு உள்ளே நுழைந்தேன். கட்டில் இல்லை. பச்சைத் துணி போர்த்திய பில்லியர்ட்ஸ் மேசை ஒன்று அறையை அடைத்துக்கொண்டு நின்றது.

"ஈரம் ஏறுனா துணி பந்தப் புடிச்சு இழுக்கும். அதுக்குத்தாங்க ஏசி" என்றார் வீட்டுக்காரர். என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்துக்குப் பக்கம்.

"நல்லாச் சொல்லுங்க. மனுசங்களுக்கு ஃபேனு, மேசைக்கு ஏசி!" என்று சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

வீட்டுக்காரர் துபாயில் ஒரு பெரிய ஓட்டலில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். விளையாட்டு அறையில் இருந்த மேசைகளைப் பராமரிப்பது அவர் பொறுப்பு. துணி மாற்றுவது, பிரஷ் போடுவது, ரசமட்டம் வைத்துக் கால்களைச் சரிசெய்வது எல்லாம் அவர்தான். ஆனால் ஊழியர்கள் விளையாடக் கூடாது. மேசை சரியாக இருக்கிறதா என்று கையால் ஒரு பந்தை உருட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஊர் திரும்பியதும் திருச்சியில் மூடப்பட்ட ஏதோ ஒரு கிளப்பிலிருந்து இந்த மேசையை வாங்கி வந்து, அதன் கல் பலகைகளை அவரே பொருத்தியிருக்கிறார். மேசை வந்த பிறகுதான் தெரிந்தது, கூட விளையாட ஊரில் ஆள் இல்லை என்று. வாலிபர்கள் பாதிப் பேர் வெளிநாட்டில், மீதிப் பேர் செல்போனில்.

"ஒரு கேம் அடிச்சுட்டுப் போங்களேன்" என்றார் அன்று. எனக்கு ஆடத் தெரியாது என்றேன். "எனக்கும்தான் தெரியாது" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. பிறகு வியாழக்கிழமை மதியங்களில் அந்தப் பக்கத்து வேலைகளை முடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவது வழக்கமாகிவிட்டது. நான் அவரை பாய் என்பேன். அவர் என்னை முதலில் மெக்கானிக் சார் என்றார், இரண்டு மாதத்தில் மாப்ளே ஆக்கிவிட்டார்.

ஆளுக்கு ஏழு பந்து. இரண்டு பேரும் மோசமாக ஆடினோம். எனக்குப் பட்டை போட்ட பந்துகள் வந்தாலும் சரி, முழு நிறப் பந்துகள் வந்தாலும் சரி, குழிக்கு அரை அங்குலம் தள்ளியே போய் முட்டும். குனிவேன், குச்சியைப் பின்னால் இழுப்பேன், அந்த நேரம் பார்த்துச் சந்தேகம் வரும். கொஞ்சம் இடப்பக்கமா? குச்சி முனையை நகர்த்திவிடுவேன். பாயின் வியாதி வேறு. மேசையைச் சுற்றி வந்து, ஒரு கண்ணை மூடி, கோணம் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிப்பார். எத்தனையோ நல்ல ஆட்டக்காரர்களைப் பார்த்தவர் என்பதால் தன் தவறு எது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். "தோள் ஆடிடுச்சு" என்று தன்னையே திட்டிக்கொள்வார். தெரிந்தும் அடுத்த தடவை தோள் ஆடும்.

ஒரு வியாழக்கிழமை ஆட்டத்தின் பாதியில் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு பாங்கு சொன்னார்கள். "நீங்க சும்மா அடிச்சிட்டிருங்க, வந்துடுறேன்" என்று பாய் கிளம்பினார். எனக்கு ஆறு பந்து பாக்கி, கடைசியாக அடிக்க வேண்டிய கறுப்புப் பந்தும் இருந்தது. கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து மொட்டை மாடி வெயிலில் வேலை பார்த்த அலுப்பு. ஏசியின் மெல்லிய சத்தம் ஒன்றுதான் கேட்டது. நான் மாட்டிய இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறது என்ற நினைப்போடு எழுந்து குச்சியை எடுத்தேன்.

முதல் பந்து விழுந்தது. அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, குழியின் வாயில்தான் கிடந்தது. வெள்ளைப் பந்து உருண்டு நின்ற இடத்திலிருந்து அடுத்த பந்து நேராகத் தெரிந்தது. குனிந்தேன், அடித்தேன், அதுவும் விழுந்தது. மூன்றாவதற்கு மேசையைச் சுற்றி நடந்தேன். எங்கே நிற்பது என்று யோசித்ததாக நினைவில்லை. கால் ஒரு இடத்தில் நின்றது, அதுதான் சரியான இடம். செம்புக் குழாயைப் பற்றவைக்கும்போது எனக்கு இப்படி ஆவதுண்டு. நெருப்பில் குழாய் ஒரு நிறத்துக்கு வரும். கை தானாகக் கம்பியை வைக்கும். உருகியது இணைப்பைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். அதை எப்போது வைத்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தக் கை இங்கேயும் வந்திருந்தது. குச்சி கையில் கனமே இல்லாமல் இருந்தது. அவசரம் இல்லை. விழ வேண்டும் என்ற ஆசைகூட இல்லை. கறுப்புப் பந்து நடுக்குழியில் இறங்கிய சத்தத்தில்தான் நிமிர்ந்தேன்.

பாய் பாதி திறந்த கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"எப்ப வந்தீங்க பாய்?"

"நாலாவது பந்துக்கே வந்துட்டேன். இந்தக் கதவு கிரீச்சுங்கும்ல, அதான் உள்ள வரல." பிறகு தொப்பியைக் கழற்றி மடித்தபடி சொன்னார். "மாஷா அல்லா. துபாய்ல எப்பவாச்சும் ஒருத்தருக்கு இப்படி வரும் மாப்ளே. அப்ப நாங்க காலி கிளாஸைக்கூட எடுக்க மாட்டோம்."

அடுத்த வாரம் அதை மறுபடி கொண்டுவர நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதே நேரம், அதே குச்சி. ஆட்டத்துக்கு முன்னால் அதே நாற்காலியில்கூட உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பந்தும் விழவில்லை. பாய்க்குப் பாவமாகிவிட்டது.

"நான் வேணா பள்ளிக்குப் போயிட்டு வரட்டா?"

"இன்னும் பாங்கே சொல்லலையே பாய்."

இருவரும் சிரித்தோம். மூன்று நான்கு வாரத்தில் அதைத் தேடுவதை விட்டுவிட்டேன்.

மழைக்காலம் வந்தது. பாயின் மகளுக்குத் திருச்சியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. முந்தின நாள்தான் போய் விடுதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். நான் போனபோது அவர் மனசு முழுக்க அங்கேயே இருந்தது. பந்துகளை அடுக்கிக் கலைத்தபோதும் அதே பேச்சுதான்.

"ரூமு சின்னதுதான், ஆனா ஜன்னல் பெருசு" என்று சொல்லிக்கொண்டே குனிந்தார். ஒரு பந்து விழுந்தது. "கூட ரெண்டு புள்ளைங்க. ஒண்ணு ஜெயங்கொண்டம், இன்னொண்ணு எங்கன்னு கேக்க மறந்துட்டேன்." இன்னொன்று விழுந்தது. கோணம் பார்க்கவில்லை. கண்ணை மூடவில்லை. மூன்றாவதும் விழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பாயின் தோள் ஆடவில்லை.

பேச்சு நின்றால் இதுவும் நின்றுவிடும் என்று எனக்குப் பட்டது. வாயில் வந்ததைக் கேட்டேன்.

"எத்தனாவது மாடி பாய்?"

"மூணாவது. லிஃப்ட் இருக்கு, ஆனா புள்ளைங்கள ஏத்த மாட்டாங்களாம்." நாலாவது பந்தும் விழுந்தது.

"பக்கெட்டெல்லாம் வாங்கிக் குடுத்தீங்களா?"

"பக்கெட்டு, மக்கு, துணி காயப்போடக் கொடி, எல்லாம்." மேசையைச் சுற்றி நடந்தார், வீட்டுக்குள் நடப்பது போல.

அவர் மனைவி டீத் தட்டோடு வாசலுக்கு வந்தார். பேசாமல் நிற்கச் சொல்லி நான் கையைக் காட்டினேன். அவர் மேசையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், அங்கேயே நின்றுவிட்டார். எனக்குக் கேள்விகள் தீர்ந்துகொண்டிருந்தன. ஆறாவது பந்து விழுந்ததும் நான் தடுமாற, அவர் மனைவியே கேட்டார்.

"வார்டன் அம்மா என்ன சொன்னாங்கன்னு சொன்னீங்க?"

"ஞாயித்துக்கிழமை பாக்க வரலாம்னாங்க. சோறு கொண்டாரலாமான்னேன், தாராளமாக் கொண்டாங்கன்னாங்க." ஏழாவதும் போனது. "நல்ல பொம்பளையாத்தான் தெரியுது" என்றபடி கறுப்பையும் மூலைக்குழியில் இறக்கிவிட்டு, அடுத்ததை அடிக்க நிமிர்ந்தார். அவர் அடிப்பதற்குப் பந்து இல்லை.

என் பட்டைப் பந்துகள் மட்டும் கிடந்த மேசையைப் பார்த்துக் கேட்டார். "நானா அடிச்சேன்?"

"வேற யாரு அடிச்சா? டீ ஆறிப் போச்சு, குடிங்க" என்றார் அவர் மனைவி. குரலில் கேலி இருந்தது. ஆனால் தட்டை வைத்துவிட்டுப் போகாமல் சுவரில் சாய்ந்து நின்றார்.

பாய் குச்சியை மேசை மேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு செல்போனை எடுத்து மேசையைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது. சத்தமாகப் படித்தார். "முழு நிறப் பந்தெல்லாம் எங்க, அத்தா?"

அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிப் பதில் எழுதி முடிக்கும்வரை நானும் அவர் மனைவியும் காத்திருந்தோம். என்ன எழுதினார் என்று எங்களுக்குக் காட்டவில்லை.

டீ குடித்துவிட்டு மறுபடி பந்துகளை அடுக்கினோம். இந்த முறை பாய் மேசையைச் சுற்றி வந்தார், ஒரு கண்ணை மூடினார், மூச்சைப் பிடித்தார். பந்து குழிக்கு ஒரு முழம் தள்ளிப் போய் முட்டியது. அடுத்து நான் அடித்தது இன்னும் மோசம். வெளியே மழை பிடித்துக்கொண்டதால், விடும்வரை அப்படியே தவறவிட்டுக்கொண்டு ஆடினோம்.